இரண்டு பாட்டில், ஒரு சம்புடம்

நம் சங்கத்தின் ஹைதராபாத் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். அதனால் நீங்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு எழுதுகிறேன். கம்ப்யூட்டர், ரிப்போர்ட்டு, மீட்டிங் இதெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு சம்புடத்தைப் பற்றி.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என்னைச் சரோஜம்மா என்பார்கள். என் வீட்டுக்காரர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். பிள்ளைகள் வளர்ந்தபின் எனக்குப் பகலில் கை சும்மா இருந்தது. கோவிலில் பழக்கமான ஒருவர் மூலம் இந்த வேலை கிடைத்தது. தமிழ், தெலுங்கு, கடைத்தெரு ஹிந்தி மூன்றும் வாயில் வரும் என்பதுதான் என் தகுதி. நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, வீட்டாரோடு பேசுவது, இதுதான் வேலை.

ஹைடெக் சிட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "எம்.எஸ். சங்கத்தில்" என்பேன். "அப்படியா, எங்க பையனும் எம்.எஸ். பண்ணத்தான் அமெரிக்கா போறான், எந்த யூனிவர்சிட்டி நல்லதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று முழுப் பெயரையும் சொன்னால் முகம் வெறுமையாகிவிடும். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்பின் மேலுறையைப் போய் அரிக்கிற வியாதி என்று விளக்குவேன். ஒருவருக்குக் கால் இழுக்கும், ஒருவருக்குக் கண் மங்கும். வரும், போகும், திரும்ப வரும். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணப் பேச்சு எடுக்கிற வயதில் வரும்.

நம் சங்கம் மருந்து செய்வதில்லை. நாடெங்கும் நன்கொடை திரட்டி, மருந்தைத் தேடுகிற டாக்டர்களுக்குக் கொடுக்கிறது. அப்படி ஒரு ஆராய்ச்சி நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு கூடவே ஒரு வைட்டமினைக் கூடுதலாகக் கொடுத்தால் நோய் தாக்குவது குறைகிறதா என்று பார்ப்பது. சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு நிஜ மருந்து, பாதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே ஒன்றுமில்லாத டம்மி. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள்.

அதில் சேர்ந்த இரண்டு பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஒன்று மகேஸ்வரி, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்த பெண். கால் இழுக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டாள். அவள் அம்மா சண்முகவடிவு, திருநெல்வேலிக்காரி. இன்னொருவன் யூசுஃப், நாச்சாரம். கால் சென்டரில் வேலை, ஒரு கண் மங்கியிருந்தது. அவன் அம்மா ஃபாத்திமா பீ. அவரை நாங்கள் எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்போம்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லிவிடுவேன், எனக்கு அலைச்சல் குறையுமே என்று. பிள்ளைகள் உள்ளே போனதும் அம்மாக்கள் இரண்டு பேரும் வராண்டா பெஞ்சில் உட்காருவார்கள். வடிவுக்கு ஹிந்தி வராது. ஆபாவுக்குத் தமிழ் வராது. ஆனால் அந்த பெஞ்சில் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை. வடிவு புளியோதரை கொண்டு வருவாள். ஆபா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "மிர்ச்சி கஹான் ஹை? மிளகாய் எங்கே? இதுக்குப் பேர் சாப்பாடா?" என்பார். "அவிய நாக்குல தோலு கிடையாதுக்கா, அதாம் உறைக்கலை" என்று வடிவு என்னிடம் சொல்வாள். நான் மொழிபெயர்க்க மாட்டேன். ஆனாலும் ஆபாவுக்குப் புரிந்துவிடும்.

ஒரு கோடைக்காலத்தில் மகேஸ்வரியைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த வியாதிக்காரர்களுக்கு வெயில் ஆகாது, உடம்பு துவண்டு போகும். மகேஸ் உள் அறையில் கூலர் காற்றில் படுத்திருந்தாள். கொஞ்ச நாள் முன்பு நோய் மறுபடி தாக்கி, கம்பு இல்லாமல் நடக்க முடியாமல் ஆகியிருந்தது. வடிவு எனக்கு மோர் கொடுத்தாள். திருநீறு பூசிக்கொள்ளலாம் என்று சாமி அலமாரியைத் திறந்தேன். திருச்செந்தூர் முருகன் படத்துக்குக் கீழே, திருநீற்று மடலை ஒட்டி ஒரு எவர்சில்வர் சம்புடம். மூடி சரியாகப் போடாமல் இருந்தது. உள்ளே பார்த்தால் ஆராய்ச்சி மாத்திரைகள்.

"என்ன வடிவு, பாட்டில்லதானே இருக்கணும் இது?"

"பாட்டில்ல இருந்ததெல்லாம் இதுலதாம்க்கா வந்திருக்கு." அவள் முகத்தில் பயம் இல்லை, ஒரு சந்தோஷம்தான் இருந்தது. "போன தடவ ரெண்டு பாட்டிலையும் இதுல கொட்டி, நல்லாக் கலந்து, ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டோம். நானும் ஆபாவும்."

"எதுக்கு?"

"எதுக்கா? பாதிப்பேருக்கு நெசம், பாதிப்பேருக்கு டம்மின்னு டாக்டரம்மாதான சொன்னாவ. அப்பம் எங்க ரெண்டு பிள்ளையள்ல ஒண்ணுக்கு நெசம், ஒண்ணுக்கு டம்மி. யூசுஃப் நல்லா நடமாடுதான், இவ விழுந்து கிடக்கா. யாருக்கு டம்மின்னு கண்ணு இல்லாதவனுக்குக்கூடத் தெரியும்லா?"

பெஞ்சில் நடந்ததையும் சொன்னாள். அன்றைக்கு இவள் அழுதிருக்கிறாள். ஆபா விஷயத்தைப் புரிந்துகொண்டு, "கைக்கு ரோரை?" என்று கேட்டிருக்கிறார். எதற்கு அழுகிறாய் என்று. பிறகு தன் பாட்டிலை எடுத்து இவள் மடியில் வைத்து, "ஆதா தும்ஹாரா, ஆதா ஹமாரா" என்றிருக்கிறார். பாதி உனக்கு, பாதி எனக்கு. புளியோதரை கொண்டு போன சம்புடத்தைத் துடைத்து அதில்தான் கலந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே, நான் என்ன நினைத்தேன் என்று உள்ளபடி சொல்கிறேன். முதலில் கண் கலங்கியது. தன் மகனுக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று நம்புகிற ஒரு தாய், அதில் பாதியை எடுத்து அடுத்தவள் மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அந்த ஆராய்ச்சியின் உயிரே இரண்டு பாட்டிலும் தனித்தனியாக இருப்பதில்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் கொடுத்த நன்கொடை, எத்தனையோ நோயாளிகள் மாதாமாதம் கொடுத்த ரத்தம், எல்லாம் அதை நம்பித்தான்.

வடிவுவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"பேர வெட்டிருவாவளா?"

"எனக்குத் தெரியாது வடிவு."

"அக்கா, அவளுக்கு இது ஒண்ணுதாம் இருக்கு. ஆஸ்பத்திரி போற நாளக்கி 'அம்மா, இன்னைக்கு எனக்கு ஆபீஸு'ன்னு சொல்லித் தலை சீவிட்டு நிக்கா. இதுலயும் வேண்டாம்னு சொல்லிட்டா அந்தப் பிள்ள என்ன செய்யும்?" என் கையைப் பிடித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் இழுத்தாள். "வெளிய சொல்ல மாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணுங்க. இனி கலக்க மாட்டேன். நானும் சத்தியம் பண்ணுதேன்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கும்பிடுகிற தெய்வமும் அவர்தான். எதிரே அழுகிற ஒரு தாய். கையை நீட்டிவிட்டால் வேலை முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. என் கை கொஞ்சம் நீண்டதுகூட.

பிறகு இழுத்துக்கொண்டேன். "அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் வடிவு. மூடி மறைக்கிறதுக்குக் கூட்டுச் சேர்க்கக் கூடாது. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லத்தான் போறேன். ஆனா உன்னைத் தாண்டிப் போய்ச் சொல்ல மாட்டேன். முதல்ல மகேஸ்கிட்ட நீ சொல்லு. கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது அவ, முழுங்கினதும் அவ. அப்புறம் ஆபா வீட்டுக்குப் போவோம். எல்லாரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்போம். நான் கூட நிக்கிறேன்."

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு சுலபமான வழி இருக்கும். இரக்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது ஒன்று. மாடிப்படியில் இறங்கியதும் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போவது இன்னொன்று. இரண்டிலும் நாம் தப்பித்துக்கொள்வோம், அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கடினமானது, உண்மையையும் சொல்லி அந்த மனுஷர்களையும் கைவிடாமல் இருப்பது. அதற்கு நேரம் ஆகும், பஸ் மாறிப் போக வேண்டியிருக்கும், திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

"சொல்ல வேண்டாம்மா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மகேஸ் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் நிலையைப் பிடித்து நின்றாள்.

"நான் பார்த்த வேலை என்னன்னு தெரியும்லாம்மா? ரெண்டு ப்ரோக்ராமை ஒண்ணாக் கலந்து ஓடவிட்டா, எதுல கோளாறுன்னு சாமி வந்தாலும் சொல்ல முடியாது. அதைத்தான் நீ பண்ணியிருக்க."

"உனக்காகத்தான பிள்ள செஞ்சேன்..."

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருக்கணும்." கம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "யூசுஃபுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அவன் பங்கைத் தெரியாம நான் தின்னுட்டு இருந்திருக்கேன்."

வடிவு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேர் வெட்டுவார்களா என்ற பயத்தைவிட இந்தச் சொல்தான் அவளைக் குத்தியது. எவ்வளவு ஆழமாகக் குத்தியது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் வடிவோடு நாச்சாரம் போனேன். ஆபா பயப்படவே இல்லை. "ஹவ், ஆமா, கலந்தோம். சோத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடலாம், மருந்தைப் பங்கு போடக் கூடாதா? இது என்ன சட்டம்?" என்று அவர் மொழியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த அடுப்படிக் கணக்கில் சொன்னேன். "ஆபா, இது நம்ம பிள்ளைங்களுக்கு வடிச்ச சோறு இல்லை. இந்த அரிசி வேகுமா வேகாதான்னு பார்க்கிற பானை. ரெண்டு அரிசியையும் ஒரே பானையில போட்டா எது வெந்தது, எது வேகலைன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு இதே நோயோட வர்ற பிள்ளைங்களுக்கு எதைப் போடுறது?"

ஆபா ஒத்துக்கொண்டாரா என்றால் இல்லை. "நாளைக்கு வர்றவங்களுக்காக இன்னைக்கு இருக்கிறது அழணுமா?" என்றார். ஆனால் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, "சல், போலாம், எங்கே வரணும்?" என்று கிளம்பிவிட்டார்.

யூசுஃபிடம் ஆபாவே விஷயத்தைச் சொல்லிவிட்டார். முதலில் நம் கிளைச் செயலாளரிடம் போனோம். அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அவர் விருப்பம். அவருக்கும் இதே நோய், பேங்க் வேலையை விட்டுச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு கிளையை நடத்தியவர். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த இரண்டு தாய்மாருக்கும் டீ வரவழைத்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

அவரும் கூட வர, ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கோபப்பட்டார். அவர் கோபமும் நியாயம்தான். "ரெண்டு பேரோட கணக்கே போச்சு! எத்தனை தடவை சொன்னேன்!" என்று மேஜையைத் தட்டினார். செயலாளர் தன் தெலுங்கு கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இவங்களா வந்து சொன்னாங்க. இப்போ வெளியே அனுப்பினா நாளைக்கு வேற எந்த அம்மாவும் நம்மகிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க. நம்ம கையில இருக்கிற ஒரே சொத்து அதுதான். அது போச்சுன்னா போர்டை மாத்திட்டு டிபன் கடை வைக்கலாம். சரோஜம்மா இட்லி போடுவாங்க, நான் கல்லாவுல உட்காருவேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆராய்ச்சியை நடத்தும் மும்பைத் தலைமை ஆபீசில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அப்போது வடிவு கை கூப்பிக்கொண்டு கேட்டாள்: "இவ்வளவு ஆயிட்டுல்லா, யாருக்கு எதுன்னு ஒருக்கப் பார்த்து மட்டும் சொல்லிருங்கம்மா."

"எனக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர். "தெரிஞ்சிருந்தா நீங்க என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. அதனாலதான் என்கிட்டயும் சொல்றதில்லை."

மும்பையிலிருந்து நல்ல பதில் வந்தது. பெயரை எடுக்க வேண்டாம், புது பாட்டில் கொடுங்கள், எவ்வளவு நாள் கலந்தது என்பதைக் குறித்து வையுங்கள், கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. மகேஸ் மறுபடி தலை சீவிக்கொண்டு 'ஆபீஸ்' வந்தாள். நானும் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

மழைக்காலத்தில் யூசுஃபுக்கு நோய் தாக்கியது. நன்றாக இருந்த கண்ணும் மங்கியது. கொஞ்ச காலம் வேலைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு வடிவு பெஞ்சுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். மகேஸை அவள் அப்பா கூட்டி வந்தார். ஆபா ஒவ்வொரு தடவையும் "பெஹன் எங்கே?" என்று, தங்கச்சி எங்கே என்று கேட்பார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டபோது வடிவு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தப் பாதிய நான் வாங்காம இருந்தா அந்தப் பிள்ள கண்ணு நல்லா இருந்திருக்கும். ஆபா மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?"

அதெல்லாம் ஒன்றும் இல்லை, அதனால் வந்திருக்காது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்குத் தெரியாதே. யாருக்குமே அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஆறுதல் தராதீர்கள் பிள்ளைகளே. அவர்கள் அதை நம்பிவிடுவார்கள், பிறகு பொய் என்று தெரிந்தால் உங்களிடம் வேறு எதையுமே நம்ப மாட்டார்கள். "தெரியலை வடிவு, தெரியற அன்னைக்கு உன்கூட நான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் செய்ய முடிந்தது, போகும்போதெல்லாம் அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்ததுதான். சில நாள் இரண்டு பேரும் கீரை ஆய்ந்தோம். சில நாள் அதுவும் இல்லை.

வருஷங்கள் ஓடி ஆராய்ச்சி முடிந்தது. முடிவு வந்தது. அந்த வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் விளக்கேற்றும்போது அந்த மருந்து பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு ஆபீசில் அழுதேன். செயலாளர் சொன்னார்: "இதுல இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு சரோஜம்மா. இதுவும் ஒரு பதில்தான். இல்லாத இடத்துல இனிமே யாரும் தேட வேண்டாம்."

யாருக்கு எது என்பதை அவரவரைக் கூப்பிட்டுச் சொல்ல டாக்டரம்மா நாள் குறித்தார். வடிவு வர மாட்டேன் என்றாள். நானும் மகேஸும் இரண்டு பக்கமும் நின்று கிளப்பிக்கொண்டு வந்தோம். யூசுஃபின் ஒரு கண் தெளிந்து, அவன் வேலைக்குத் திரும்பியிருந்தான். அதே வராண்டா, அதே பெஞ்சு. ஆபா அந்த முனையில், வடிவு இந்த முனையில். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்.

இரண்டு குடும்பமும் சம்மதித்ததால் டாக்டரம்மா எல்லோரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்.

"மகேஸ்வரிக்குக் கொடுத்தது டம்மி" என்றார். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் யூசுஃபைப் பார்த்தார். "உனக்கும் டம்மிதான்ப்பா."

நான் ஆபாவுக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னையே திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார்.

"அப்பம்..." வடிவு கண்ணைத் திறந்தாள். "அப்பம் ஆபா பிள்ளைக்குச் சேர வேண்டியத நான் எடுக்கலியாம்மா?"

"எடுக்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லம்மா" என்றார் டாக்டர். "ரெண்டும் ஒண்ணுதான். கலந்ததால எதுவும் மாறலை. நீங்க அன்னைக்கே எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னதால ரெண்டு பேர் கணக்கையும் சந்தேகம் இல்லாம முழுசாச் சேர்த்துக்கிட்டோம்."

வடிவு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, அத்தனை வருஷத்து அழுகை அது. ஆபா பக்கத்தில் வந்து, அந்த நடு இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கைக்கு ரோரை?"

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து அந்தச் சம்புடத்தை எடுத்தாள். உள்ளே, ஊரிலிருந்து அவள் தம்பி கொண்டு வந்த முந்திரிக்கொத்துப் பலகாரம். கொடுக்கத் துணிச்சல் வருமா என்று தெரியாமலே எடுத்து வந்திருக்கிறாள். ஆபாவுக்குப் பாதி எடுத்து வைக்க மூடியைத் திறக்கப் போனாள்.

ஆபா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆதா நக்கோ, பெஹன். பாதி வேண்டாம். போதும் உன் பாதிக் கணக்கு. பூரா தேவ், முழுசாக் கொடு."

மகேஸும் யூசுஃபும் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். வடிவு மூடியைத் திறக்கவே இல்லை. சம்புடத்தோடு ஆபா கையில் கொடுத்துவிட்டாள்.